ஓவர்லாக் போர்வையும் ஒடிந்த ஊசியும்

ஓவர்லாக் மெஷினில் பஞ்சுப் போர்வை தைக்க முடியாது என்று என்னிடம் சொன்னவர்கள் அத்தனை பேரும் தையல் தெரிந்தவர்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அந்த மெஷின் அதற்காகச் செய்ததல்ல. உங்கள் பனியனையோ டி-ஷர்ட்டையோ உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் நூல் வலை மாதிரி பின்னிக்கொண்டு வருகிறதே, அதுதான் ஓவர்லாக் தையல். ஊசி ஒரு பக்கம் தைத்துக்கொண்டே போகும். பக்கத்தில் இருக்கிற சின்னக் கத்தி துணியின் ஓரத்தை நறுக்கிக்கொண்டே வரும். சாதாரண மெஷினில் தப்பாகத் தைத்தால் பிரித்து மறுபடி தைக்கலாம். இதில் தப்பாகத் தைத்தால் துணியே குறைந்துவிடும். கோபக்கார மெஷின். எனக்கும் அதற்கும் ஒத்துப்போனதில் என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை.

நான் ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது கம்ப்யூட்டர் வைத்த ஓவர்லாக் வந்திருக்கிறதாம். நூலைத் தானே வெட்டுமாம், துணி வந்தால் தானே ஓடுமாம். அங்கே புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர் பெண் ஒருத்தி போனில் கேட்டாள்: “அக்கா, நீங்க மல மேல ஓவர்லாக்லயே போர்வ போட்டீங்களாமே, மெய்யாவா?” மெய்தான் என்றேன். “எப்பிடிக்கா?” என்றாள். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஒடுகத்தூர் பக்கம். எங்கள் தெருமுனைக்கு அந்த ஆயத்த ஆடைக் கம்பெனியின் பஸ் வந்து நின்ற நாளில் ஏறியவள் நான். முதலில் நூல் வெட்டுகிற ஹெல்ப்பர். அப்புறம் மெஷின். ஓவர்லாக்கில் நூல் கோக்கத் தெரிந்துகொள்ளும்வரை அழுதேன். தெரிந்த பிறகு மற்றவர்களை அழ வைத்தேன். பயிற்சிக் காலம் அவ்வளவுதான். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது ஷாகிரா மேடத்தைப் பற்றி. எங்கள் தளத்துக்கு அவர்தான் இன்சார்ஜ். வாணியம்பாடிக்காரர். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ், மெக்கானிக்கிடம் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கழுத்தில் எல்லாரும் சங்கிலி போட்டிருந்தால் அவர் ஒரு கறுப்புக் கயிறு போட்டிருப்பார். அதன் நுனியில் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் தொங்கும்.

எங்களுடையது குழந்தைகள் உடுப்பு தைக்கிற கம்பெனி. அங்கே ஊசி ஒடிந்தால் ஒரு முறை உண்டு. ஒடிந்த உடனே பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். கையைத் தூக்க வேண்டும். எழுந்திருக்கக் கூடாது, துணியை உதறக் கூடாது. மேடம் வருவார். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒடிந்த துண்டுகளை வெள்ளைக் காகிதத்தில் வைத்து, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பார். முழு ஊசி வந்தால் அதன்மேல் டேப் ஒட்டி எடுத்துக்கொண்டு புது ஊசி தருவார். வராவிட்டால் ஒரே ஒரு கேள்வி.

“மீதி எங்கம்மா?”

இவ்வளவுதான். திட்டு கிடையாது. அந்த மீதி கிடைக்கும்வரை அந்த மெஷின் ஓடாது, பக்கத்தில் இருக்கிற துணி ஒன்றுகூட வெளியே போகாது. நான் வாய்க்காரி ஆயிற்றே, ஒருநாள் கேட்டேவிட்டேன். “மேடம், எள்ளு அளவு முனைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கூத்து?” அவர் காந்தத்தைத் துணிமேல் ஓட்டிக்கொண்டே சொன்னார்: “துணி கிழிஞ்சா நமக்கு நஷ்டம். முனை உள்ள இருந்தா யாரோ பெத்த புள்ளைக்கு நஷ்டம். நீ அந்தப் புள்ளய பாக்கப் போறதில்ல. அதுக்குத்தான் இந்தக் கூத்து.” அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. என் வாயை அடைத்தவர்கள் உலகத்தில் குறைவு.

பிறகு கம்பெனி ஜவ்வாது மலைமேல், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு குக்கிராமத்தில், சின்ன யூனிட் ஒன்று திறந்தது. காலியாகக் கிடந்த ஒரு கூடத்தில் எட்டு மெஷின், எட்டும் ஓவர்லாக். கீழே வெட்டிய டி-ஷர்ட்டை மேலே அனுப்பினால் பக்கவாட்டு மூட்டுப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. அங்கே போக யாரும் தயாராக இல்லை. “வாய் இருக்கிறவளை அனுப்புங்கள், சமாளிப்பாள்” என்று மேடம்தான் என் பேரைச் சொன்னாராம். புறப்படும்போது தன்னிடம் இருந்த இன்னொரு ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி என் கழுத்தில் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “நான் கட்டினதவிட இது கனமா கீதே” என்றார்.

மலைப்பெண்கள் எட்டுப் பேரும் தொழிலை வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். அதில் வெள்ளச்சி என்று ஒருத்தி. ஒடிசலான உடம்பு, அதிகம் பேசமாட்டாள், கை மட்டும் பேசும். யூனிட் வருவதற்கு முன்பு, ஒவ்வொரு வருஷமும் காப்பிக் கொட்டை பறிக்கக் குடகுக்குப் போய்க்கொண்டிருந்தவள். புருஷனும் பெண்டாட்டியும் போனால் மாதக் கணக்கில் தோட்டத்தில்தான் இருப்பு. கைக்குழந்தையாக இருந்தவரை மகள் செவ்வந்தியையும் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது செவ்வந்தி ஊர் பால்வாடிக்குப் போய் ஆனா ஆவன்னா சொல்ல ஆரம்பித்திருந்தாள். மத்தியான மணி அடித்தால் பால்வாடியிலிருந்து நேரே யூனிட் ஜன்னலுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்ப்பாள்.

அந்த நேரம் பார்த்து டி-ஷர்ட் ஆர்டர் குறைந்தது. வெறும் மூட்டுப் போடுவதற்காகத் துணியை மலைமேல் ஏற்றி இறக்குவது வீண் என்று ஆபீசில் முடிவு செய்துவிட்டார்கள். மெஷின்களைக் கீழே கொண்டு போக லாரி வரப்போகிறது என்று சொன்ன அன்று யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. வெள்ளச்சி என்னிடம் தனியாக வந்தாள்.

“மிஷினு போச்சின்னா நான் மறுபடியும் தோட்டத்துக்குத்தான் போணும்க்கா. இவ படிப்ப வுட்டுட்டுக் கூட்டிம் போறதா, இல்ல இவளையே வுட்டுட்டுப் போறதா, நீயே சொல்லு.”

மேடத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மூன்றாம் நாள் ஜீப்பில் மேலே வந்து இறங்கினார். மலைமேல் இருக்கிற ஒரு பள்ளிக்கூட விடுதிப் பிள்ளைகளுக்குக் குளிருக்கு முன்னால் ரஜாய் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறாராம். நாம் பஞ்சுப் போர்வை என்கிறோமே, அதைத்தான் அவர்கள் வீட்டில் ரஜாய் என்பார்கள். கம்பெனியில் மீந்த துணித்துண்டுகளும் மெல்லிய பஞ்சு ஷீட்டும் மேடம் அனுப்புவார். “இருக்கற மிஷின்ல தச்சுக் குடு. முழுசா ஒரு சாமான் இங்கயே தயாராவும்னு நான் ஆபீஸ்ல காட்டணும். லாரி வர்ற அன்னிக்கு ரஜாய் ரெடியா இருந்தா ரஜாய ஏத்தறேன். இல்லன்னா மிஷின ஏத்தணும். எனக்கு வேற வழி கெடயாது” என்றார்.

இருக்கிற மெஷின் எல்லாம் ஓவர்லாக். ஓவர்லாக்கால் துணியின் ஓரத்தில்தான் தைக்க முடியும், நடுவில் ஒரு கோடு போட முடியாது. போர்வைக்கோ நடுவெல்லாம் தையல் வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சு ஒரு மூலையில் போய் மூட்டை கட்டிக்கொள்ளும். நானும் மேடமும் தரையில் துணியைப் பரப்பிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தோம். கடைசியில் வழி கிடைத்தது. போர்வையை முழுசாகத் தைக்காமல் பட்டை பட்டையாகத் தைப்பது. மேல் துணி, பஞ்சு, அடித் துணி மூன்றிலும் ஒரு சாண் அகலப் பட்டைகள். முதல் பட்டை மூன்று அடுக்காகத் தயார். அதன் ஓரத்தில், அடுத்த பட்டைக்கான மேல் துணியை முகம் கவிழ்த்து மேலே வைக்க வேண்டும். அடித் துணியை அதேபோலக் கீழே வைக்க வேண்டும். பஞ்சையும் சேர்த்து ஆறு அடுக்கையும் ஒரே ஓட்டில் தைத்துவிட்டு, புதுப் பட்டையை அந்தப் பக்கம் விரித்தால் தையல் உள்ளே போய் மறைந்துகொள்ளும். பஞ்சும் நகராது. எப்போது தைத்தாலும் ஓரம்தான், விரித்தால் அது நடுவாகிவிடும். இந்த வழி பிடிபட்டபோது மேடம் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு சிரித்தார். அவர் பல் தெரிய நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் போர்வையை எல்லாருமாகச் சேர்ந்து தைத்து முடித்து, இரண்டு பேர் பிடித்துத் தூக்கினோம். ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். அசல் முறம். “இத போத்தினா காலு ரெண்டும் உள்ள, தல மட்டும் குளுர்ல” என்றாள் பச்சையம்மா. எட்டுப் பேரில் வாய் நீளமானவள் அவள்தான். அவளைப் பார்த்தால் எனக்கு என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். தப்பு எங்கே என்று தேடினால், அது எங்கள் கையில் இருந்தது. டி-ஷர்ட் துணி இழுபடும் துணி. அதைத் தைத்துத் தைத்து, தைக்கும்போதே பின்னால் லேசாக இழுத்துவிடுகிற பழக்கம் எல்லாருக்கும் ஊறிப்போயிருந்தது. வேறு யார் தைத்திருந்தாலும் இந்தக் கோணல் வந்திருக்காது. துணியை மெஷின் தானே எடுத்துக்கொள்ளட்டும், கையை வெறுமனே வை என்றால் அவர்களால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. கடைசியில் ஒரு பட்டையை மேலிருந்து கீழாகவும், அடுத்ததைக் கீழிருந்து மேலாகவும் தைத்தோம். ஒன்றின் கோணலை இன்னொன்று சரிக்கட்டிவிட்டது.

அடுத்த தொல்லை, ஆறு அடுக்கு நழுவுகிறது. குண்டூசி குத்திப் பிடிக்கலாம் என்றால், ஓவர்லாக் கத்தியில் குண்டூசி பட்டால் கத்தி காலி. அங்கே குண்டூசியை உள்ளே கொண்டு வரவே நான் விடவில்லை. பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மறுநாள் ஒரு கட்டு ஈர்க்குக் கொண்டு வந்தார்கள். சாப்பாட்டு இலை தைக்கச் சீவி வைத்திருக்கிற மெல்லிய ஈர்க்கு. இலை தைக்கிற மாதிரியே துணியில் குத்திக் குத்திப் பிடித்தார்கள். கத்தி அதைச் சட்டென்று நறுக்கிவிட்டுப் போனது. உள்ளே தங்குகிற துண்டை விரிக்கும் முன் உருவிவிட வேண்டும். அதற்கென்றே ஒருத்தியை உட்கார வைத்தேன்.

போர்வைகள் அடுக்கு அடுக்காக வளர்ந்தன. பொம்மை போட்ட துணிக்குப் பக்கத்தில் கோடு போட்ட துணி, அதற்குப் பக்கத்தில் கிளிப்பச்சை. நறுக்கி விழுகிற ஓரத்துணி, நூலும் பஞ்சுமாக, மெஷின் அடியில் பையில் நிறையும். அதை வேஸ்ட் என்போம். யூனிட் திறந்த நாளிலிருந்தே அந்த வேஸ்ட் வீடுகளுக்குப் போய்விடும். அந்த ஊரில் அதை அடைத்த தலையணை இல்லாத வீடு கிடையாது.

லாரி வருகிற நாளும் வந்தது. காலையில் கடைசிப் போர்வை மட்டும் பாக்கி. வெள்ளச்சி தைத்துக்கொண்டிருந்தாள். நான் முடித்த போர்வைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். டக் என்று ஒரு சத்தம். நிமிர்ந்தேன். வெள்ளச்சி கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மேல் துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு தட்டில் கிடந்தது. காகிதத்தில் சேர்த்து வைத்தேன். முனை இல்லை. என் வாயிலிருந்து மேடத்தின் கேள்விதான் வந்தது. மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தோம். தரையைக் கூட்டிப் பார்த்தோம். போர்வையை மேஜையில் விரித்து, கழுத்துக் காந்தத்தை விரல் விரலாக ஓட்டினேன். ஒன்றும் ஒட்டவில்லை. காவலூர் நம் பக்கத்து ஊர் மாதிரிதான். அங்கே வானாராய்ச்சிக் கூடத்தில் எவ்வளவோ தூரத்து நட்சத்திரத்தையெல்லாம் கண்ணாடி வைத்துப் பிடித்துவிடுகிறார்கள். எங்கள் மேஜைமேல் இருக்கிற எள்ளு அளவு இரும்பைப் பிடிக்க ஆள் இல்லை.

மணி ஆகிக்கொண்டிருந்தது. முனை கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருந்த கட்டு எதுவும் வெளியே போகாது. பிரித்துப் பார்க்கலாம் என்றால் கத்தி நறுக்கிய துணி, பிரித்தால் திரும்பத் தைக்க ஓரம் இருக்காது. லாரி வெறுமையாகப் போகாது, மெஷினோடு போகும். அது எல்லாருக்கும் தெரியும். பச்சையம்மாதான் வாயைத் திறந்தாள்.

“எள்ளு மாதிரி முனக்கா. காந்தத்துக்கே மாட்டல, கண்ணுக்கா மாட்டப் போவுது? கட்டி ஏத்தி வுட்டுடலாம். ஆருக்குத் தெரியப் போவுது?”

ஒருத்தரும் அவளைத் திட்டவில்லை. ஏனென்றால் எல்லாரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம். நானும்தான். மற்ற ஏழு பேரும் வெள்ளச்சியைப் பார்த்தார்கள். மெஷின் போனால் முதலில் ஊரை விட்டுப் போகப் போகிறவள் அவள். அவள் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செவ்வந்திக்கு இத போத்துவனா நானு?” என்றாள். “போத்த மாட்டன். அப்பால எப்பிடிக்கா ஏத்தறது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே திட்டுகிற பழக்கம் எனக்கு. யாரைத் திட்டுவது என்று சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் மெஷின் அடியில் இருந்த இடம் கண்ணில் பட்டது.

“வேஸ்ட் பை எங்கடி?”

யாருக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டிய பொருளாக அதை யாரும் நினைத்ததே இல்லை. வாசலில் இருந்த ஈர்க்குக்காரி மெதுவாகச் சொன்னாள்: “வெள்ளச்சி மாமியா வந்து தூக்கிம் போனாங்களே. நீங்கல்லாம் குனிஞ்சு தேடிக்கினு இருந்தீங்க. பேத்திக்குத் தலகாணி வோணுமாம்.”

வெள்ளச்சி ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். அவள் மாமியார் சாதாரணமாக ஒரு வேலையைத் தொட்டால் ரெண்டு நாள் இழுப்பவர். அன்றைக்குப் பார்த்து அப்படி ஒரு சுறுசுறுப்பு. தலையணையை அடைத்து, வாயைத் தைத்து, அன்று பால்வாடியிலிருந்து நேரே வீட்டுக்கு வந்துவிட்ட செவ்வந்தியை அதில் படுக்கவும் வைத்துவிட்டார். வெள்ளச்சி குழந்தையை ஒரு கையாலும் தலையணையை ஒரு கையாலும் தூக்கினாள். குழந்தையின் கன்னத்தையும் காதையும் தடவித் தடவிப் பார்த்தாள். கீறல் எதுவும் இல்லை.

வாசலில் வெள்ளைச் சேலை ஒன்றை விரித்துத் தலையணையைக் கிழித்தோம். இந்தக் குவியலில் எங்கே தேடுவது என்று நான் மலைத்து நின்றபோது பச்சையம்மா வீட்டுக்குள் போய் முறங்களை அள்ளிக்கொண்டு வந்தாள். ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துச் சாமை புடைக்கிற மாதிரி புடைக்க ஆரம்பித்தார்கள். பஞ்சும் நூலும் காற்றில் பறந்தன. கனமானது ஏதாவது இருந்தால் முறத்தில் தங்கும். கோழிகள் கலர் கலராக நூலைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடின. செவ்வந்தி இதைவிட நல்ல விளையாட்டைப் பார்த்ததில்லை போலிருக்கிறது, பறக்கிற பஞ்சைப் பிடிக்க ஓடி ஓடிக் குதித்தாள். நான் ஒவ்வொரு முறமாகக் காந்தத்தை இறக்கிக்கொண்டே வந்தேன்.

இந்த நிலையில்தான் லாரி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து மேடம் இறங்கினார். யூனிட் காலி, மெஷின் நிற்கிறது, வேலைக்காரிகள் எல்லாரும் தெருவில் முறம் வைத்துப் புடைக்கிறார்கள். கழுத்துக் கயிற்றைக் கழற்றிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அவரும் ஆரம்பித்தார்.

வெள்ளச்சியின் முறத்தில்தான் கிடைத்தது. டிக். அவ்வளவு சின்னச் சத்தம், எல்லார் காதிலும் விழுந்தது. மேடத்தின் காந்தத்தில் எள்ளு அளவு ஒரு முனை ஒட்டிக்கொண்டிருந்தது.

யூனிட்டுக்குப் போய், காகிதத்தில் இருந்த இரண்டு துண்டுகளோடு சேர்த்து வைத்தார். முழு ஊசி. டேப் ஒட்டினார்.

“யாரு ஊசி?”

“என்துதான் மேடம்” என்றாள் வெள்ளச்சி.

“கை தூக்குனது?”

“நான்தான்.”

“இன்னிக்கு லாரி வரும்னு தெரியுமில்ல உனக்கு?”

“தெரியும் மேடம்.”

மேடம் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். ஒரு புது ஊசியை எடுத்து அவள் கையில் வைத்தார். “கடைசி ரஜாய முடி” என்றார். பிறகு வெளியே போய், மெஷின்களைத் தூக்கக் கயிற்றோடு வந்திருந்த ஆட்களிடம் சொன்னார்: “கயிற உள்ள போடுங்க. வந்த வேல மாறிப்போச்சு. ரஜாய் ஏத்தணும்.”

அதற்கப்புறம் அந்த யூனிட்டில் விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தைத்த போர்வைகளுக்குக் கணக்கே இல்லை. வேஸ்ட் இன்றைக்கும் வீடுகளுக்குப் போகிறது. சாயங்காலம் ஊசியெல்லாம் சரிபார்த்த பிறகுதான் பையின் வாய் அவிழும். நான் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். இப்போது இன்சார்ஜ் வெள்ளச்சி. திட்டுவதில்லையாம். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறாளாம். செவ்வந்தி கீழே ஹாஸ்டலில் தங்கி ப்ளஸ் டூ படிக்கிறாள்.

எனக்கு விடை கொடுத்த அன்று சால்வை, தட்டு, கடிகாரம் எல்லாம் ஆனபிறகு, வெள்ளச்சி ஒரு தலையணையைக் கொண்டு வந்து மடியில் வைத்தாள். பொம்மைத் துணி, கோட்டுத் துணி, கிளிப்பச்சை, எல்லாம் ஓவர்லாக்கில் சேர்த்த உறை. உள்ளே வேஸ்ட்.

“தைரியமா தல வச்சிப் படுங்கக்கா” என்றாள். “காந்தம் போட்டுப் பாத்துட்டுதான் வாயத் தச்சேன்.”

எனக்கு ஒரே சந்தோஷம். பஸ்ஸில் வழி நெடுக அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கழுத்துக் கயிற்றைக் கழற்றி, நானும் ஒரு தடவை காந்தம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.